காணும், சேர்!

1. குழி

முதல் நாள் முதலாளி என்னை ஒரு பற்றைக் காணியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றிவர முட்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டங்கள், ஒரு மூலையில் யாருடையவோ ஐந்தாறு ஆடுகள். செம்மண் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது.

"செல்வம் அண்ணை, இஞ்சை புல்லு வளக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"வெங்காயம் வளக்கலாம்," என்றேன்.

மலைநாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குபவனாகச் சேர்ந்து, புல் வெட்டி, கடைசியில் பழக்குபவனாகி, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு மானிப்பாயில் வந்து குந்தியிருந்தவன் நான். முதலாளி கனடாவிலிருந்து திரும்பியவர். திரும்பி வருகிற நம்மவர்கள் வழக்கமாகக் கல்யாண மண்டபம் கட்டுவார்கள், அல்லது கோயிலுக்குத் தேர் செய்து கொடுப்பார்கள். இவருக்கு இரண்டிலும் வேறு ஆட்கள் முந்திவிட்டார்கள். மிஞ்சியிருந்தது கோல்ஃப். பண்டத்தரிப்புப் பக்கம் இருந்த தகப்பன் வழிக் காணி அதற்குப் பலியானது.

புல்லுக்குத் தண்ணீர் இறைத்திருந்தால் அயல் தோட்டக்காரர்கள் என்னைத்தான் கிணற்றுக்குள் இறக்கியிருப்பார்கள். ஆகவே தண்ணீர் இல்லாத ஊர்களில் செய்கிற வேலையைச் செய்தோம். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக அரித்த மணலைப் பரப்பி உருளையால் இறுக்கினோம். புல் இருந்தால் அந்த இடத்துக்குக் கிறீன் என்று பெயர். எங்களுடையது பிறவுண். மணலில் கால்தடம் விழும் என்பதால், பந்தை உருட்டுமுன் ஒருவர் நனைத்த சாக்கொன்றைப் பந்திலிருந்து குழிவரை இழுத்துத் தடத்தை அழிக்க வேண்டும். அந்த ஒருவர் நான். பழக்குநர், மேற்பார்வையாளர், ஆடு துரத்துநர் ஆகிய பதவிகளும் எனக்கே கிடைத்தன.

மொத்தம் ஆறு குழி. இரண்டு சுற்று ஆடினால் ஓர் ஆட்டம். "கனடாக்காரர் ஆறு இடத்திலை கிண்டியும் தண்ணி வரேல்லையாம்" என்று ஊரில் கதைத்தார்கள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறீர்கள் என்பதே கணக்கு. குறைந்தால் கெட்டிக்காரர். குழிக்குக் கிட்ட வந்த பிறகு பற்றர் என்ற மட்டையால் மெல்ல உருட்ட வேண்டும். நூறு மீற்றர் பறந்ததும் ஓர் அடி, ஒரு சாண் உருண்டதும் ஓர் அடி. இந்த அநியாயத்தை எங்கள் ஆட்களால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2. முன்னேறுகிறவர்கள்

இந்தத் தொழிலில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, இந்த வயசுக்குப் பிறகும் ஆட்டம் திருந்துமோ? வருசா வருசம் திருந்திக்கொண்டே போகுமோ?"

"ஓம் ஓம், கட்டாயம்," என்பேன். வேறு விதமாகப் பதில் சொன்ன பழக்குநர்கள் இப்போது வேறு தொழில் பார்க்கிறார்கள்.

எங்கள் பாங்க் மனேஜர் முன்னேற்றம் பார்சலில் வரும் என்று நம்பினார். ஒவ்வொரு வருடமும் லண்டனிலிருந்து அவருடைய மைத்துனர் புது மட்டை அனுப்புவார். மட்டைகள் வருடா வருடம் திருந்தின. மனேஜர் அப்படியே இருந்தார். பல் டொக்டருக்கு நம்பிக்கை தொலைபேசியில். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் அடிப்பதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார், பிறகு என்னைக்கொண்டு தன்னைப் படம் எடுப்பித்து அதையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார். மெதுவாகப் பார்த்தாலும் பந்து வேலிக்கு வெளியேதான் போனது.

உண்மையாகவே முன்னேறியவர் ஒரே ஒருவர். இராசநாயகம் சேர்.

சேர் கணித ஆசிரியராக இருந்து அதிபராக ஓய்வு பெற்றவர். வலிகாமத்தில் பின்னக் கணக்குச் செய்யத் தெரிந்த எவரைப் பிடித்துக் கேட்டாலும் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்களாக இருப்பார்கள். விடை சரியாக இருந்து, பக்கத்தில் சென்ரிமீற்றர் என்று எழுதாவிட்டால் அரைப் புள்ளி போய்விடும். அழுதாலும் போய்விடும். தகப்பன் வந்து நின்றாலும் போய்விடும். முதலாளி, மனேஜர், பல் டொக்டர் மூவரும் அவருடைய மாணவர்கள். அப்படியொரு அரைப் புள்ளியால்தான் தான் எஞ்சினியராகாமல் பாங்கில் இருப்பதாக மனேஜர் இன்றைக்கும் சொல்லுவார். நான் வேறு பள்ளிக்கூடத்தில் படித்துத் தப்பியவன்.

மைதானத் திறப்பு விழாவுக்குச் சேர் பிரதம விருந்தினர். ரிப்பன் வெட்டிய கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, சம்பிரதாயத்துக்கு ஓர் அடி அடிக்கச் சொன்னார்கள். பந்து ஆடுகளுக்கு மேலாகப் பறந்து வெங்காயத் தோட்டத்துக்குள் விழுந்தது. மனைவி காலமாகி வீட்டில் தனியே இருந்த மனிதர். அடுத்த நாள் காலையில் நான் படலையைத் திறக்க வந்தபோது வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்றார்.

முதல் வருடம் எழுபது அடியில் முடித்தார். அதன் பிறகு வருடத்துக்கு மூன்று அடியாகக் குறைந்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அறுபத்தெட்டு வயதில் மட்டை பிடித்த ஒருவருக்கு இப்படி நடந்ததை நான் மலைநாட்டிலும் பார்த்ததில்லை. சேர் அதை வரைபுத்தாளில் குறித்து வைத்திருந்தார்.

"நேர்கோடு, செல்வம். பாரும், ஒரு புள்ளிகூட விலகேல்லை."

"இப்பிடியே போனா தொண்ணூற்றிரண்டு வயசிலை சேர் மட்டை தொடாமலே முடிச்சிடுவியள்."

"கோட்டை அவ்வளவு தூரம் நீட்டக் கூடாது," என்று சிரித்தார். கணிதத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

3. சாண், முழம், பாகம்

அந்த நேர்கோட்டை வரைந்தவர்கள் நாங்கள்.

சிநேகித ஆட்டத்தில் பந்து குழிக்கு மிகக் கிட்ட வந்துவிட்டால் எதிராளி "போதும், எடுங்கோ" என்று விட்டுக்கொடுப்பது உலக வழக்கம். யாழ்ப்பாணத்தில் போதும் என்பதற்குக் காணும் என்போம். முதல் வருடம் சேரின் பந்து ஒரு சாண் தூரத்தில் நின்றபோது மனேஜர் "காணும் சேர்" என்றார். அந்த ஓர் அடி போட்டதாகக் கணக்கில் சேரும், பந்தை எடுத்துவிடலாம். ஒரு சாண் பந்தைப் பற்றி எனக்கும் மனவருத்தம் எதுவும் இல்லை.

சேருக்கு எழுபது வயது ஆனபோது சாண் முழமாகியது. எழுபது வயது மனிதரை ஒரு முழத்துக்கு உருட்டச் சொல்லுவது மரியாதையா? இருதயத்துக்கு ஸ்ரென்ற் வைத்துவிட்டு வந்தபோது இரண்டு முழம் கொடுத்தோம். குனியக் கூடாது என்று டொக்டர் சொன்னதாக யாரோ சொன்னார்கள். ஆகவே பந்தை எடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. கோயில் பரிபாலன சபைக்குத் தலைவரானதும் ஒரு பாகம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு. ஊரில் சேரின் மதிப்பு ஏற ஏற மைதானத்தில் அடி குறைந்துகொண்டு வந்தது. அவர் மாகாண சபைக்கு நின்று வென்றிருந்தால் மைதானத்துக்கே வரத் தேவை இருந்திருக்காது.

நான் அவரிடம் படிக்கவில்லை என்றாலும் என் பங்குக்கும் மரியாதை செய்தேன். மற்றவர்களுக்குச் சாக்கை ஒரு தரம் இழுப்பேன். சேருக்கு இரண்டு தரம், நடுவில் கொஞ்சம் அழுத்தி. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் போகிற மாதிரிப் பந்து குழிக்குப் போய்ச் சேரும்.

சேர் கள்ளம் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பதையே நாற்பது வருடமாகப் பார்த்தவர். "காணும் சேர்" என்பதும் அவருக்கு அப்படி ஒன்றாகவே காதில் விழுந்தது. எப்படியும் உள்ளே போகிற பந்துதானே என்று நம்பினார். நம்பாமல் இருக்க நாங்கள் இடமும் கொடுக்கவில்லை.

4. மெல்பேர்ன்

சேரின் ஒரே மகள் பவானி மெல்பேர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர் மைதானத்தில் நிற்கும்போதுதான் எடுப்பாள். சேருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் தொலைபேசி சத்தமாகவே கதைக்கும். அப்பா மகள் சண்டை முழு மைதானத்துக்கும் கேட்கும்.

"தனிய இருந்தது காணும் அப்பா. ஸ்ரென்றும் வச்சாச்சு. வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை வாங்கோ. உங்களுக்கு ஏலாமல் வருது."

"ஏலாமல் வாறவன்ரை அடி குறையுமோ? ஐம்பத்திரண்டு, பிள்ளை! எழுபதிலை இருந்து ஐம்பத்திரண்டு!"

அவளும் சேரிடம் கணிதம் படித்தவள்.

"ஆர் எண்ணினது?" என்று கேட்டாள்.

"எல்லாரும் பாக்கத்தான் அடிக்கிறன்."

"சரி. ஓகஸ்றிலை வாறன். கொழும்பு ஆக்களோடை ஆட்டம் ஒண்டு இருக்கு எண்டியள். அதிலை அறுபதுக்குள்ளை முடிச்சா நான் இனி மெல்பேர்ன் கதை எடுக்கேல்லை. முடிக்காட்டி ரிக்கற் போடுவன்."

"அறுபது வேண்டாம். ஐம்பத்தைஞ்சு எண்டு வை," என்றார் சேர். தன் வீட்டுக்குத் தானே வேலியை உள்ளே இழுத்துக் கட்டினார்.

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்கை போய் என்ன செய்யிறது, செல்வம்? பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போற கிழவன். பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை றோட்டிலை இறங்கினா பத்துப் பேர் சைக்கிளிலை இருந்து இறங்குவாங்கள்."

அதுவரை இந்த மைதானத்தில் எனக்கு எல்லாமே பகிடியாக இருந்தது. அன்றைக்குப் பயம் பிடித்தது. ஒரு மனிதர் தன் வீட்டில் இருப்பதா விடுவதா என்பதை நாங்கள் அள்ளிக் கொடுத்த அடிகளின் மேல் வைத்துவிட்டார்.

முதலாளி, மனேஜர், பல் டொக்டர், நான் நால்வரும் தேத்தண்ணியோடு மாநாடு கூடினோம். கொழும்பு ஆட்களையும் காணும் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்றார் மனேஜர். அது அடிகளை எண்ணுகிற ஆட்டம், சட்டப்படி ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழவேண்டும் என்றார் முதலாளி.

"குழியைக் கொஞ்சம் பெருப்பிச்சா?" என்று கேட்டார் பல் டொக்டர். தொழில் புத்தி.

"சேரிட்டை உண்மையைச் சொன்னா என்ன?" என்றேன்.

மூவரும் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார்கள்.

"என்னாலை ஏலாது," என்றார் மனேஜர். "அவருக்கு முன்னாலை நிண்டா எனக்கு இப்பவும் கை தன்பாட்டிலை கட்டுப்படுது."

கூட்டம் இத்துடன் முடிந்தது. ஆட்டத்தன்று வடை எத்தனை வேண்டும் என்பது மட்டும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

5. அவரிடம் படிக்காதவர்

ஓகஸ்ற் மாதம், சோளகக் காற்று. வேலியோரப் பனைகள் காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தன. கொழும்பிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். சேரோடு சேர்ந்து ஆடுவதற்குச் சீட்டில் விழுந்தவர் ஓர் இளம் பெண், கொழும்புத் தமிழ், கணக்காளர். மிகவும் நல்ல பிள்ளை. இறங்கியதும் சேருக்கு வணக்கம் சொன்னார், என் பெயரைக் கேட்டார். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று. வலிகாமத்தில் பிறக்கவில்லை.

பவானி தகப்பனுக்குப் பின்னால் குடையோடு நடந்தாள்.

முதலாம் குழியில் சேரின் பந்து மூன்றாம் அடியில் பிறவுணில் ஏறி, ஒரு பாகம் தள்ளி நின்றது. நல்ல அடி. அதை இப்போதும் சொல்லுவேன். தூரத்தில் நின்ற மனேஜர் பழக்க தோசத்தில் "காணும் சேர்!" என்று கத்தினார். நானும் பழக்க தோசத்தில் குனிந்து பந்தில் கையை வைத்தேன்.

"அண்ணா, எடுக்காதீங்க," என்றார் அந்தப் பெண். "அங்கிள் இன்னும் போடல்லதானே?"

குரலில் துளி குற்றமும் இல்லை. தெரியாமல் எடுக்கிறேன் என்று நினைத்து எனக்கு உதவி செய்தார். நான் கையை எடுத்தேன். சேர் என்னைப் பார்த்தார், மனேஜர் நின்ற பக்கம் பார்த்தார், பிறகு பந்தைப் பார்த்தார்.

"ஓம். போடேல்லைத்தான்," என்றார்.

அன்று சாக்கு இழுத்தது கொழும்பிலிருந்து வந்த இன்னோர் ஆள். நேராக இழுத்தார். சேர் உருட்டினார். பந்து குழியைத் தாண்டிப் போனது. திரும்ப உருட்டினார், குறுக்கே போனது. மூன்றாவதில் விழுந்தது. ஒரு பாகத்துக்கு மூன்று அடி. வருடக்கணக்காக அந்தத் தூரத்திலிருந்து பந்தை உருட்டாத மனிதர். கை எங்கே நிற்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் குழியிலும் அதே கதை. மூன்றாம் குழிக்குப் பிறகு அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பந்தையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் குழிக்குள் விழும்வரை உருட்டி, ஒவ்வொரு அடியையும் தானே வாய்விட்டு எண்ணினார். பவானி குடையை மடக்கிவிட்டாள். வெயிலில் வெறும் தலையோடு நடந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னார்: "அங்கிள், உங்களுக்கு அறுபத்தேழு. நல்லா அடிக்கிறீங்க. பற்றிங் மட்டும் கொஞ்சம் பழகினீங்கண்டா நல்லா வருவீங்க."

இத்தனை வருடத்தில் சேருக்குக் கோல்ஃப் பற்றி யாராவது சொன்ன ஒரே உண்மை அதுதான். அவருக்குப் பழக்குநராக இருந்தவன் நான் என்பதையும் இங்கே நினைவூட்டிக்கொள்கிறேன்.

வந்தவர்கள் வடை சாப்பிடப் போனதும் சேர் எங்கள் நால்வரையும் கூப்பிட்டார். அவர் சொல்லாமலே வரிசையில் நின்றோம். மனேஜருக்குக் கை கட்டுப்பட்டிருந்தது.

"எத்தினை வருசமா?"

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"செல்வம், நீர் சொல்லும். நீர் என்னட்டைப் படிக்கேல்லை."

"தொடக்கத்திலை இருந்து, சேர். முதல் ஒரு சாண்தான்."

"இப்ப?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சேர் என்னுடைய ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை மெதுவாகப் பார்த்தார். கையை இறக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"மரியாதைக்குத்தான் சேர்..." என்று தொடங்கினார் மனேஜர்.

"அண்டைக்கு உனக்கு அந்த அரைப் புள்ளியைப் போட்டிருந்தா, அது மரியாதையோ?"

மனேஜர் தலை குனிந்தார். போட்டிருக்கலாம் என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

சேர் மகளிடம் திரும்பினார். "ரிக்கற்றைப் போடு, பிள்ளை. நான் கதைச்சது முழுக்கப் பிழை."

அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பவானி கொஞ்சம் யோசித்தாள். "பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறியள்? அந்தக் கோடு பொய்யெண்டா, நீங்கள் திருந்தினதுக்கும் ஆதாரம் இல்லை, திருந்தாததுக்கும் ஆதாரம் இல்லை. சரியா எண்ணினது இண்டைக்கு ஒரு நாள்தான். ஒரு புள்ளியை வச்சுக் கோடு கீற ஏலுமோ, அப்பா?"

"ஏலாது," என்றார் சேர்.

"அடுத்த ஓகஸ்ற் திரும்பி வாறன். அறுபத்தேழைவிடக் குறைச்சியளெண்டா இருங்கோ. கூடினா என்னோடை வரவேணும்."

"இது இரக்கமோ?"

"மறு பரீட்சை. பெயிலான எல்லாருக்கும் குடுக்கிறதுதானே."

6. மறு பரீட்சை

அடுத்த நாளிலிருந்து மைதானத்தில் காணும் என்ற சொல்லுக்குத் தடை. வடை பரிமாறும்போதுகூட எங்கள் ஆட்கள் கையைக் காட்டித்தான் நிறுத்தினார்கள். நான் சாக்கை இழுத்தால் சேர் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "நடுவிலை அமத்தாதையும்" என்பார். எல்லாம் தெரிந்துவிட்டது.

நானும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பழக்கத் தொடங்கினேன். நல்ல ஆசிரியர்களைவிட மோசமான மாணவர்களைக் காண்பது அரிது. தலையை அசைக்காமல் நில்லுங்கோ என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் நிறுவச் சொல்லுவார். கார்த்திகையில் அடி அறுபத்துநாலுக்கு வந்தது. மைதானம் முழுக்கக் கொண்டாடினோம். மறு வாரம் மாரி மழை பிறவுண்களை அள்ளிக்கொண்டு போனது. மணலை மறுபடி போட்டு இறுக்கி முடிக்க, சேருக்குத் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. மாசியில் எழுபத்தொன்று. முதல் வருடம் தொடங்கிய எழுபதைவிட ஒன்று கூட. ஒரு வாரம் ஒன்று திருந்தும், அடுத்த வாரம் அது எங்கே போனதென்று இருவரும் தேடுவோம். வரைபுத்தாளில் இந்த முறை ஒரு கோடும் நேராக வரவில்லை. ஆட்டு மந்தை நடந்த தடம் மாதிரி இருந்தது. சேர் அதைச் சுவரில் ஒட்டினார்.

ஓகஸ்றில் பவானி வந்தாள். அதே சோளகம். அந்தக் கணக்காளர் பெண்ணும் வந்தார், அங்கிளோடுதான் ஆடுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு.

கடைசிக் குழிக்கு வரும்போது சேருக்கு அறுபது அடி. ஆறில் முடித்தால் வீடு. எட்டில் முடித்தால் மெல்பேர்ன். ஐந்தாம் அடியில் பந்து பிறவுணில் ஏறி, குழிக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. ஆறாவதுக்கு ஒரு முழம். எழுபது வயதுப் பிறந்தநாளுக்கு நாங்கள் கொடுத்த அதே முழம்.

சாக்கை ஒரு தரம் நேராக இழுத்துவிட்டு விலகினேன். அந்தச் சொல் என் தொண்டை வரை வந்து நின்றது. மனேஜர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பல் டொக்டர் மறுபக்கம் திரும்பி நின்றார். முதலாளி ஆடுகளைப் பார்த்தார்.

சேர் உருட்டினார். பந்து நேராகப் போய்க் குழியின் விளிம்பைத் தொட்டு, ஒரு விரல் அகலத்துக்கு அப்பால் நின்றது.

சேர் நடந்துபோய் அந்த ஒரு விரலையும் தட்டிவிட்டார். குனிந்து தன் கையாலேயே பந்தை எடுத்தார்.

"எழுதும், செல்வம். ஏழு."

அறுபத்தேழு. போன வருடமும் அறுபத்தேழு.

"சேர், ஒரு வயசு கூடியும் அடி கூடேல்லை," என்று பாய்ந்தார் மனேஜர். "வயசைக் கழிச்சுப் பாத்தா இது முன்னேற்றம்தானே?"

"வயசுக்குப் புள்ளி இல்லை. பேசாமல் நில்." பிறகு சேர் மகளைப் பார்த்தார். "குறைஞ்சா இருக்கச் சொன்னனீ. கூடினா வரச் சொன்னனீ. சமத்துக்கு ஒண்டும் சொல்லேல்லை. கேள்வியிலை பிழை."

"ஓம். என்ரை பிழைதான்." பவானி என் பக்கம் திரும்பினாள். "செல்வம் அண்ணை, கோல்ஃபிலை சமம் வந்தா என்ன செய்வினம்?"

"கப் ஒண்டுக்கு வருசா வருசம் ஆடிச் சமமாய் முடிஞ்சா, ஆர் அதை வச்சிருந்தவையோ அவையிட்டையே இருக்கும், தங்கச்சி. வழமை அது."

"மெய்யோ? இல்லாட்டி அப்பாவுக்காகச் சொல்லுறியளோ?"

என்னிடம் அப்படிக் கேட்பதில் நியாயம் இருந்தது. "மெய்தான் அக்கா," என்றார் கணக்காளர் பெண்.

பவானி தகப்பனின் தொப்பியைச் சரிசெய்தாள். "அப்ப வீடு வச்சிருக்கிறவரிட்டையே இருக்கட்டும். அடுத்த ஓகஸ்ற் வாறன், அப்பா. எண்ணி வையுங்கோ."

சேர் பனைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"சோளகம். கண்ணுக்குள்ளை மண்," என்றார்.

"ஓம் சேர், சரியான மண்," என்றோம் நால்வரும். அந்த வருடம் முழுவதும் நாங்கள் அவருக்கு விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

7. அடுத்து வருபவருக்கு

முழங்கால் இனி ஏலாது என்று இந்த வருடம் வேலையை விட்டேன். முதலாளியின் மச்சான் பொறுப்பெடுத்திருக்கிறார். அவருக்காகத்தான் இவ்வளவையும் எழுதச் சொன்னார்கள்.

சேர் இப்போது எல்லோருடைய அடியையும் எண்ணுகிறார். மனேஜரின் பந்து ஒரு சாணில் நின்று, அவர் ஏக்கத்தோடு சுற்றிவரப் பார்த்தால், "போடு" என்று ஒரு சொல். மைதானத்தில் எல்லோருடைய கணக்கும் பத்துப் பன்னிரண்டு அடி ஏறிவிட்டது. தாளில் பார்த்தால் எங்கள் கோல்ஃப் அழிந்துபோன மாதிரி இருக்கும். தான் தொடங்கிய நாளைவிட மோசம் என்று கண்டுபிடித்த மனேஜர், லண்டன் பார்சலை நிறுத்திவிட்டுக் காலையில் வந்து உருட்டிப் பழகுகிறார். சேர் போன மாதம் அறுபத்தாறு. அடுத்த மாதம் என்னவென்று அவருக்கும் தெரியாது.

ஆகவே மச்சானுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சாக்கை நேராக இழுத்துவிடும். ஆடுகளைக் காலையிலேயே துரத்திவிடும். வருடம் போகப் போகத் தன் ஆட்டம் திருந்திக்கொண்டு வருகிறதென்று யாராவது வந்து சொன்னால், நான் செய்த மாதிரி ஓம் ஓம் என்று தலையாட்ட வேண்டாம். ஆர் எண்ணினது என்று முதலில் கேளும்.